ஜாஸ், ஸ்விங், ரசனை: மதுரை ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்நாடக சங்கீதமும் நாகசுரமும் திரைப்பாட்டும் கேட்டு வளர்ந்த நாங்கள் சிலர், மதுரை தல்லாகுளத்தில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி, அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் பதிவுகளைக் கேட்டு வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பழகியவர்களோ ஒரே சண்டையைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்த விருப்பு வெறுப்பு கலந்த இடங்களில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்விங் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஜாஸ் வாத்தியக்காரர்கள் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் உள்ள நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முற்பாதியைச் சற்று நீட்டியும் பிற்பாதியைக் குறுக்கியும் வாசிப்பார்கள். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் இரண்டாவதற்கும் நான்காவதற்கும் எடை கூட்டுவார்கள். கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் வாத்தியம், எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக, நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையின்மேல், தனியாக வாசிப்பவர் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ சாய்ந்து வாசிப்பார். இவை எல்லாம் கூடிவந்து, கேட்பவரின் தலையும் காலும் அவரைக் கேளாமலே அசையத் தொடங்கும்போது அந்த இசை ஸ்விங் ஆகிறது என்கிறார்கள்.

கையில் போட்டுப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று தொடையில் நிதானமாகப் போடுங்கள். தட்டில்தான் அழுத்தம் கொடுத்து நமக்குப் பழக்கம். வீச்சில் ஓசையே எழாது. இதைத் தலைகீழாக்கி, தட்டை மெல்லத் தொட்டுவிட்டு, வீச்சு வரும் இடத்தில் விரலைச் சொடுக்குங்கள். கச்சேரிகளில் வருடக்கணக்காகத் தாளம் போட்டவர்களுக்குக்கூட முதலில் கை தடுமாறும். கை படிந்தபின், அடிக்கு ஒரு ‘தகிட’ வீதம் வாயால் சொல்லுங்கள். சில சுற்றுகள் சொன்னபின் நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டு, அதன் இடம்வரை ‘தா’வை நீட்டி, ‘தாஅட, தாஅட’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் வரும் ‘ட’ தன் அடியைச் சேர்ந்ததாக இல்லாமல் அடுத்த ‘தா’வை நோக்கித் தள்ளுவதாகத் தோன்றும். அந்தத் தள்ளல்தான் ஸ்விங்கின் முதல் படி.

அப்படியானால் அது திஸ்ர நடைதானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

மிருதங்கம் பயின்றவர்கள் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி இது. திஸ்ர நடையில் ஓர் அடிக்கு மூன்று சம பாகங்கள் உண்டு. முதல் இரண்டைச் சேர்த்தால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கிடைக்கிறது. மிதமான காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவரின் சிம்பல் (உலோகத் தட்டு) அடிகள் இந்த விகிதத்துக்கு அருகில் வருவதும் உண்மைதான். ஆனால் ஜாஸில் அந்த விகிதம் நிலையாக நிற்பதில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டெர்ஸ் ஃப்ரிபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரம் என்ற இரு ஆய்வாளர்கள், பெயர்பெற்ற டிரம்ஸ் கலைஞர்களின் பதிவுகளை அளந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலம் மிக மெதுவாக இருக்கையில் நீண்ட பாகம் குறுகிய பாகத்தைப்போல மூன்றரை மடங்குவரைகூட இருக்கிறது. வேகம் ஏற ஏற வித்தியாசம் குறைந்து, இறுதியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. இதற்கு அவர்கள் கண்ட காரணம் சுவையானது. மிதமான வேகத்திலிருந்து மேலே போகப் போக, குறுகிய பாகம் ஏறத்தாழ 100 மில்லி விநாடி என்ற அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி. அதில் கடைசி 100-ஐ ஒதுக்கினாலும் முற்பகுதிக்கு ஏராளமான இடம் இருக்கிறது. நிமிடத்துக்கு 300 அடி என்றால் ஓர் அடிக்கு 200 மில்லி விநாடிதான். கடைசி 100 போனால் மிச்சமும் 100, எனவே சரிபாதி.

நம் மரபில் நடை என்பது கணக்கு. திஸ்ரம் என்று எடுத்துக்கொண்டால், எந்தக் காலத்தில் வாசித்தாலும் மூன்று மூன்றுதான். அதிலிருந்து நழுவினால் குரு காதைத் திருகுவார். ஜாஸில் அந்த நழுவலையே ஒவ்வொரு கலைஞரும் தம் கைநடையாக வளர்த்தெடுக்கிறார். ஒருவரின் விகிதம் மற்றவரின் விகிதமாக இருப்பதில்லை. ஒரே கலைஞர்கூட ஒரே பாட்டில் அதை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கிறார். ஆகவே திஸ்ரத்தை அறிந்தவர் ஸ்விங்கின் வாசல்வரை வந்துவிடுகிறார், அவ்வளவே.

விகிதத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தால் கணினி ஸ்விங் ஆக வாசித்துவிடாதா?

தாளம் அமைக்கும் செயலிகளில் ஸ்விங் என்ற பெயரிலேயே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் நீளமும் குறுக்கமும் கச்சிதமாக வரும், ஆனால் கால் அசையாது. பலரும் இதை உணர்ந்திருந்தாலும், விகிதத்தைத் தவிர வேறு என்ன வேண்டும் என்பதில் நெடுங்காலம் சர்ச்சை இருந்தது. ஒரு சாரார், கலைஞர்களுக்குள் ஏற்படும் மிகச் சிறிய காலப் பிசகுகளே உயிர் என்றார்கள். மறுசாரார், அவை கவனத்தில் கொள்ளத்தக்கவையே அல்ல என்றார்கள்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரின் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு தெளிவைத் தந்தது. ஒரே பியானோ வாசிப்பை எடுத்துக்கொண்டு, அதன் ஸ்வரங்களின் இடத்தை மட்டும் பக்கவாத்தியத்துக்கு எதிராகச் சற்றே நகர்த்தி, பல வடிவங்களை உருவாக்கி, ஜாஸ் கலைஞர்களிடம் கேட்கக் கொடுத்தார்கள். அடியின் மேல் விழும் ஸ்வரங்கள் ஒரு நூலிழை பிந்தியும், அடிகளுக்கு இடையில் விழும் ஸ்வரங்கள் பக்கவாத்தியத்தோடு ஒட்டியும் வந்த வடிவமே அதிகமாக ஸ்விங் ஆகிறது என்று கேட்டவர்கள் தீர்ப்பளித்தார்கள். எல்லா ஸ்வரங்களையும் ஒன்றாகப் பிந்த வைத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பழைய பதிவுகளில் உள்ள சோலோக்களை (ஒருவர் தனித்து வாசிக்கும் பகுதிகளை) அளந்து பார்த்தபோது, பெரும்பாலான கலைஞர்கள் சராசரியாக 30 மில்லி விநாடி அளவில் இப்படிப் பிந்துவது தெரியவந்தது. வாசித்தவர்கள் பலருக்கே தாங்கள் இதைச் செய்வது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இந்த நுணுக்கத்தைச் சேர்த்தால் கணினியின் வாசிப்பு மேம்படும் என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் கணினி மற்றவர் வாசிப்பதைக் கேட்டு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. அடுத்த கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்விங் ஒருவரின் கையில் இருக்கிறதா, குழுவில் இருக்கிறதா?

இரண்டுக்கும் சாட்சி உண்டு. 1924-இல் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தார். அப்போதைய பதிவுகளைப் போட்டுக் கேட்டால், குழு முழுவதும் கட்டை வண்டி கணக்காகக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருக்க, ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் நுழைகிற அந்தச் சில விநாடிகளில் மட்டும் தரை வழுவழுப்பாகிவிடுகிறது. அவர் முடித்ததும் குதிப்பு திரும்பி வந்துவிடும். தனி ஒருவர் ஸ்விங் ஆக வாசிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் வாத்தியக்காரர்களில் பெரும்பகுதியினர் அவரைப்போல வாசிக்க முயன்றார்கள்.

மறுபக்கச் சாட்சி, கவுண்ட் பேசி (Count Basie) என்ற பியானோ கலைஞரின் குழு. கான்சாஸ் சிட்டியில் உருவான அந்தக் குழுவின் தாளப் பிரிவில் பியானோவில் பேசி, பேஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கிட்டாரில் ஃப்ரெடி கிரீன் என நால்வர் இருந்தார்கள். கிரீன் 1937-இல் சேர்ந்து 1987-இல் இறக்கும்வரை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். மின்பெருக்கி இல்லாத கிட்டாரில் அடிக்கு ஒரு மீட்டல், அவ்வளவுதான் அவர் வேலை. ஜோ ஜோன்ஸ், அதுவரை காலால் மிதிக்கும் பெரிய முரசில் இடித்துக் காட்டிய தாளத்தை, ஒன்றோடொன்று மோதும் ஹை-ஹாட் சிம்பல்களுக்கு மாற்றினார். பேஜ் நடந்துகொண்டே இருந்தார். பேசியோ பியானோவில் பெரும்பாலான நேரம் ஒன்றும் வாசிக்காமல் இருந்து, வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்வரம் வைப்பார். நால்வரில் யார் ஸ்விங்கைத் தருகிறார் என்று தேடிப் பாருங்கள்; கிரீனின் கிட்டாரைத் தனியாகக் கேட்கவே முடியாது, ஆனால் அவர் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது தெரியும்.

மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தில் மாறி மாறிப் பேசுவதையே நம் ரசிகர்கள் உற்றுக் கேட்பார்கள். பாட்டுக்கு அவை சேர்ந்து வாசிக்கும்போது கவனம் பாடகரிடம் போய்விடும். ஜாஸ் கேட்கையில் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு முறையாவது சாக்ஸபோனை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

வேகமாக வாசித்தால்தானே ஸ்விங் கூடும்?

இல்லை. பேசி குழுவுக்காக நீல் ஹெஃப்டி எழுதி 1957-இல் பதிவான ‘லில் டார்லின்’ அடுத்த அடி வருமா வராதா என்று தவிக்க வைக்கும் அளவுக்கு மெதுவானது. குழுவே தூங்கி வழிகிறதோ என்று முதலில் தோன்றும். பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக, அடிக்குச் சற்றுப் பின்னால், ஒரே இடத்தில் சாய்ந்து வாசிக்கிறார்கள். வேகத்தில் ஒளிந்துகொள்ள வழி இருக்கிறது, இந்த மெதுநடையில் இல்லை.

பில்லி ஹாலிடே பாடும்போது தாளம் தப்புவதுபோல இருக்கிறதே?

அவர் தாளத்தைத் தப்பவிடவில்லை; வரியை வேண்டுமென்றே பின்தள்ளிப் பாடுகிறார். பேசிக்கொண்டே போகும் இருவரில் ஒருவர் அரை அடி பின்னால் வந்தாலும் பேச்சு அறுந்துபோகாதல்லவா, அப்படித்தான் அவர் குரலும் பக்கவாத்தியத்தின் பின்னால் வருகிறது. 1937-இல் டெடி வில்சன் பியானோ வாசிக்க, லெஸ்டர் யங் சாக்ஸபோன் வாசிக்க அவர் பாடிய பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சொடுக்கை விடாமல் போட்டுக்கொண்டே கேளுங்கள். வரி எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்காது. முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஓடும். இருந்தாலும் அடுத்த சுற்றுக்கு முன் எப்படியோ கணக்குத் தீர்ந்திருக்கும்.

நம் சங்கீதத்தில் அரை இடம், முக்கால் இடம் தள்ளிய எடுப்புகள் (பாட்டின் தொடக்கங்கள்) ஏராளம். ஆனால் அங்கே தள்ளும் அளவு நிச்சயமானது. நூறு முறை பாடினாலும் அதே இடம். ஹாலிடே தள்ளும் அளவை எந்தக் குறியீட்டிலும் எழுத முடியாது.

மதுரை மணி ஐயரின் ஸ்வரங்களில் ஸ்விங் இருக்கிறது என்கிறார்களே, அது சரியா?

எங்கள் மாடியில் அதிக நேரத்தை விழுங்கிய கேள்வி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதப் பாடகரான மணி ஐயர் (1912–1968) இந்த ஊர்க்காரர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடர். பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’டைக் கச்சேரி மேடைகளில் பிரபலமாக்கியவரும் அவரே. கல்பனா ஸ்வரத்தில், அதாவது மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம் பாடுவதில், அவர் போன வழி சர்வலகு. கோர்வை, கணக்கு என்று நெருக்காமல், தாளத்தின் இயல்பான ஓட்டத்திலேயே ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டு போவார். அவர் காலத்திலேயே ஆலத்தூர் சகோதரர்கள் லயக் கணக்குகளில் புலிகளாக இருந்தார்கள். அந்தக் கணக்கைப் பின்தொடர ரசிகருக்குத் தேர்ச்சி வேண்டும். மணி ஐயரின் ஸ்வரத்துக்குத் தலையாட்ட ஆதி தாளத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்விங்கோடு இதற்கு இருக்கும் உறவு உண்மையானது. காலப்பிரமாணம் ஓடவும் இல்லை, இழுக்கவும் இல்லை; ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததற்கு வழிவிட்டு நகர்கிறது; முயற்சி வெளியே தெரிவதில்லை; கேட்பவரின் உடம்பு முதலில் இசைகிறது, புத்தி பிறகுதான் வருகிறது. மிருதங்கத்தின் இடந்தலையில் கை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது அடிகளுக்கிடையில் ஒரு வளைவு உண்டாகிறது. ஜாஸில் பேஸ் வாத்தியம் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் நடைக்கு அருகில் நான் கேட்டவற்றில் இதுவே வருகிறது.

வேறுபாடும் உண்மையானது. சர்வலகுவில் ஸ்வரங்கள் சம அளவில் ஓடுகின்றன. நீட்டல் குறுக்கல் இல்லை. தாளத்துக்கு எதிராகச் சாய்ந்து நின்று ஒரு இழுபறியை உண்டாக்குவது அதன் நோக்கமும் அல்ல; தாளத்தோடு ஒன்றிப்போவதே அதன் சுகம். ஆகவே மணி ஐயர் ஸ்விங் ஆகப் பாடினார் என்று சொல்வது அவருக்கும் ஜாஸுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. அவரைக் கேட்டுப் பழகிய காது பேசி குழுவை மற்றவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்கிறது என்பதை மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கு வழக்குகளில் திளைத்தவர்கள் முதலில் நாடுவது 1940-களில் வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியை.

நையாண்டி மேளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சித்திரையில் அழகர் வரும் வழியில் பம்பையும் உறுமியும் திஸ்ரத்தில் புரட்டி எடுக்கும்போது நிற்கிற கால் நிற்காது. ஆனால் அந்த வேகம் எல்லாரும் ஒரே புள்ளியில் ஓங்கி விழுவதால் வருவது. ஆடவைக்கும் தாளம் எல்லாவற்றையும் ஸ்விங் என்று அழைத்தால் அந்தச் சொல்லால் பயனில்லாமல் போய்விடும்.

ஸ்விங் இல்லாவிட்டால் அது ஜாஸே இல்லையா?

இந்தச் சண்டைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஸ்விங் இல்லாத இசைக்குப் பொருளில்லை என்று டியூக் எலிங்டன் 1932-இல் ஒரு பாட்டாகவே பதிவு செய்துவிட்டார். ஐவி ஆண்டர்சன் பாடியது. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப்பைக் கொண்டுவந்தபோது, பிரான்சின் பெரிய ஜாஸ் விமர்சகரான யூக் பனாசியே அதை ஜாஸ் என்றே ஏற்கவில்லை; அவரோடு சேர்ந்து உழைத்த ஷார்ல் தெலோனே ஏற்றுக்கொண்டார்; இருவரின் உறவும் முறிந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் புதியவர்களை வெளிப்படையாகக் கடிந்தார். இன்று கேட்டால் பார்க்கரின் வாசிப்பில் ஸ்விங் நிரம்பி வழிகிறது. கென்னி கிளார்க் போன்ற டிரம்ஸ் கலைஞர்கள் தாளத்தை ரைடு என்ற தனிச் சிம்பலுக்கு ஏற்றிவிட்டு, பெரிய முரசை எதிர்பாராத இடங்களில் போட்டதால், பழைய காதுகளுக்குப் பிடிமானம் தவறிப்போயிற்று.

பிறகு வந்தவற்றில் சில உண்மையாகவே ஸ்விங்கை விட்டு விலகின. 1960-களில் ஸ்டான் கெட்ஸ் வாசித்த, பிரேசிலிலிருந்து வந்த பொஸ்ஸா நோவா சம அளவு ஓட்டத்தில் போவது. ஃப்ரீ ஜாஸில் சில நேரம் எண்ணிக்கையே இருக்காது. கீத் ஜாரட் 1975 ஜனவரியில் கொலோன் நகரில் தனியாக வாசித்த பியானோவில் ஸ்விங் எப்போதாவது தலைகாட்டிப் போகும். இவற்றை ஜாஸ் குடும்பத்திலிருந்து வெளியேற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தக் குடும்பத்தின் மற்றவர்கள் ஈர்த்ததுபோல இவை என் கால்களை ஈர்க்கவில்லை என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

ஸ்விங் வருவதையும் போவதையும் ஒரே பாட்டில் கேட்க வேண்டுமானால், டேவ் பிரூபெக் குழு 1959-இல் வெளியிட்ட ‘டைம் அவுட்’ தொகுப்பின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல்லவி போன்ற பகுதி ஒன்பது எண்ணிக்கை. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிந்து, சம அளவில் தையல் இயந்திரம்போல ஓடும். நடுவில் சோலோக்கள் தொடங்கும்போது குழு நான்கு எண்ணிக்கைக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் அறையில் உள்ளவர்களைப் பாருங்கள். அதுவரை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள்.

ஸ்விங் கறுப்பின அமெரிக்கர்களுக்கு மட்டுமே வரும் என்கிறார்களே?

அதை உருவாக்கியவர்கள் அவர்கள்; நியூ ஆர்லியன்ஸிலும் கான்சாஸ் சிட்டியிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் அவர்களின் நடனக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் வளர்ந்தது அது. அந்த உரிமையில் சந்தேகம் வேண்டாம். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் பாலோமார் நடனக்கூடத்தில் பெற்ற வெற்றிக்குப் பிறகு ஸ்விங்கின் அரசர் என்று பத்திரிகைகள் கொண்டாடிய பென்னி குட்மேன் வெள்ளையர். அவர் வாசித்த சிறந்த இசையமைப்புகளில் பலவற்றை எழுதியவர் கறுப்பினத்தவரான ஃப்ளெட்சர் ஹெண்டர்சன். பெயரும் பணமும் யாருக்குப் போயின என்பது வேறு கதை. குட்மேன் தம் சிறு குழுவில் கறுப்பினக் கலைஞர்களான டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் மேடையேற்றினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்காவில் அது சிறிய காரியமல்ல.

ஆனால் உருவாக்கியவர் யார் என்பதும், யாருக்கு வரும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஜாங்கோ ரைன்ஹார்ட் ஐரோப்பாவின் ரோமானி நாடோடிச் சமூகத்தில் பிறந்தவர். 1934-இல் பாரிஸில் தொடங்கிய அவரது குழுவில் டிரம்ஸே கிடையாது. அந்தப் பதிவுகள் ஸ்விங் ஆகவில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கேட்டுக் கேட்டுப் படிவது இது, ரத்தத்தில் வருவதல்ல.

ஒரே பதிவு என் நண்பருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. யாருடைய காதில் கோளாறு?

யாருடைய காதிலும் இல்லை. ஆனால் நீங்கள் இருவரும் இரண்டு தீர்ப்புகளை ஒன்றாகக் கலக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ‘இது ஸ்விங் ஆகிறதா’ என்பது ஒரு கேள்வி. கொஞ்சம் பழகிய காதுகள் அதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. மேலே சொன்ன ஆய்வும் அதையே காட்டுகிறது. ‘இதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறதா’ என்பது மற்றொரு கேள்வி, அதற்கு ஆளுக்கொரு பதில். ஆஸ்கார் பீட்டர்சன் பியானோவில் உட்கார்ந்தால் ஸ்விங் இல்லாத ஒரு நொடி கிடையாது, ஆனால் இரண்டாவது பாட்டிலேயே எனக்குக் களைப்பு வந்துவிடுகிறது. இடைவெளி விடாமல் பேசும் உறவினரை நான் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான். ஜாரட்டின் கொலோன் கச்சேரியில் ஸ்விங் குறைவு என்று சொல்லிவிட்டே அதை அடிக்கடி போட்டுக் கேட்கிறேன். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ரசனை வேறுபடுவதற்குப் பெரிய காரணம், ஒவ்வொருவரும் ஒரே பாட்டின் வெவ்வேறு அடுக்கைக் கேட்பதுதான். ராகத்தில் ஊறிய நம்மவர்களில் பலர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை முதல் முறை கேட்டவுடனேயே விரும்புகிறார்கள். 1959-இல் வந்த அந்தத் தொகுப்பில் ஓர் ஸ்வர வரிசையிலேயே நெடுநேரம் தங்குவது நமக்கு ஆலாபனைபோலப் பழக்கமானதாகப் படுகிறது. அதே ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’, சுருதியின் ஆதாரத்தையே இரண்டிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை பிடுங்கி வேறிடத்தில் நடுவதால், தம்புராவில் காது பதிந்தவர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். எங்களில் நாகசுரப் பித்துப் பிடித்த ஒருவர், கோல்ட்ரேனின் பிற்காலப் பதிவுகளில் அந்த ஓங்கிய ஊதலுக்காகவே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் காப்பி போடப் போய்விடுவார்கள். தெலோனியஸ் மாங்க் பியானோவைத் தவறாக வாசிப்பதாக நினைத்துச் சிரித்த ஒரு பெரியவர், தனி ஆவர்த்தனத்தில் வேண்டுமென்றே விடும் மௌனத்தைப் பற்றி யாரோ சொன்னபின் வாயை மூடிக்கொண்டு கேட்டார். இன்றுவரை அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தவறு என்று சொல்வதில்லை.

ஒரே ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்பதில்லை: ‘எல்லாம் ரசனைதான், ஸ்விங் என்று ஒன்று தனியாக இல்லை.’ அளக்கக்கூடிய ஒன்று அங்கே நடக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

கடமும் மிருதங்கமும் சேர்ந்த ‘சக்தி’ குழு ஸ்விங் ஆகிறதா?

ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த அந்தக் குழுவின் முதல் தொகுப்பு 1976-இல் வெளிவந்தது; பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் கூடிய குழு 2024-இல் கிராமி விருதும் பெற்றது. பெருமைக்குரிய இசை. நம் பக்கத்து மானாமதுரையில் கடம் வனைகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியில் இங்கே ஓர் ஊர்ப்பாசமும் கலந்துவிடுகிறது. என் பதில்: ஆகவில்லை, ஆக வேண்டிய தேவையும் இல்லை. அதன் விசை கணக்கிலிருந்தும் கூர்மையிலிருந்தும் வருகிறது. மெக்லாக்லின் ஜாஸிலிருந்து வந்திருந்தாலும், அந்தக் குழுவில் அவர் நடந்தது நம் தாளத்தின் பக்கம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? கைபேசி போதுமா?

பேசி குழுவின் 1930-களின் கடைசிப் பதிவுகள், ஹாலிடேயின் 1937 பதிவுகள், ‘டைம் அவுட்’, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆகியவற்றை எந்த வரிசையிலும் கேட்கலாம். ஆண்டு வாரியாகப் படிப்படியாக வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவர்களைக் கேட்க வேண்டாம். அப்படி வந்தவர்கள் பலர் 1928-இலேயே நின்றுவிட்டார்கள்.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பேஸின் கீழ் ஸ்வரங்கள் அறவே விழாது. நடை போய்விட்டால் ஸ்விங்கில் பாதி போயிற்று, மிஞ்சுவது சிம்பலின் சலசலப்புதான். சாதாரணமான காதொலிப்பான் ஒன்று போதும். வீட்டில் பழைய ஸ்டீரியோ இருந்தால் இன்னும் நல்லது. பேஸ் ஒலியைக் கூட்டும் திருகை மட்டும் முழுக்கத் திருப்பிவிட வேண்டாம், வால்டர் பேஜின் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்து வெறும் முழக்கமாகிவிடும்.